பதினேழு வளைவும் ஒரு பச்சை வண்டியும்

கடைசி நட்டையும் கழற்றி முடித்த பிறகுதான், எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாமே என்று ராஜாராமுக்குத் தோன்றியது.

கொல்லை முழுக்க இரும்பு. துவைக்கிற கல்லின்மேல் பெட்ரோல் டாங்கு, முருங்கை மரத்தடியில் இரண்டு சக்கரம், ஆட்டுரலுக்குப் பக்கத்தில் இன்ஜின், பழைய வேட்டியை விரித்து அதன்மேல் நட்டும் போல்ட்டும் வாஷருமாக ஒரு குவியல். காலையில் இதெல்லாம் ஒரே பொருளாக, மோட்டார் பைக் என்ற பெயரோடு நின்றுகொண்டிருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"என்ன அப்பு, மலைச்சுப்போய் நிக்கிறே?" என்று கேட்டாள் அவன் அம்மா பாண்டியம்மாள்.

"ஒண்ணுமில்லாத்தா. பிரிச்சாச்சு. இனிமே பூட்ட வேண்டியதுதான்."

"பூட்டத் தெரியுமா?"

"பிரிக்கத் தெரிஞ்சதுல்ல? அதையே திருப்பிச் செஞ்சா பூட்டுறது."

பாண்டியம்மாளுக்கு இந்த நியாயம் சரியாகத்தான் பட்டது. ராஜாராமுக்குத்தான் அதில் நம்பிக்கை வரவில்லை.

ராஜாராம் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தான். மலையிலிருந்து மூட்டையாக வருகிற காயைச் சல்லடையில் சலித்து, எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்., ஆறு எம்.எம். என்று தரம் பிரிப்பது அவன் சோலி. ஒன்பது வருஷமாக அதையே செய்து, எந்தக் குவியலைக் கண்டாலும் கை தானாகச் சல்லடையைத் தேடும். கோயிலில் கொடுக்கிற சுண்டலைக்கூடப் பெரிசு சிறிசு பிரித்த பிறகுதான் வாயில் போடுவான். கடைச் சாவி அவனிடம்தான் இருந்தது. போய் மூன்று சல்லடைகளை எடுத்துவந்தான். சாயங்காலத்துக்குள் அந்தக் குவியலை ஆற அமரச் சலித்து, தரம் தரமாகப் பிரித்து வைத்துவிட்டான்.

பார்க்க நிறைவாக இருந்தது. முன்சக்கரத்து நட்டும் இன்ஜின் நட்டும் பின்விளக்கு நட்டும் ஒரே தரத்தில், ஒரே தட்டில், கூடப்பிறந்ததுகள் மாதிரிக் கலந்து கிடந்தன.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு கேள்வி.

ஆவணி மாதம் அவனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். போடிமெட்டு தாண்டி, பூப்பாறை போகிற சரிவில் ஒரு ஏலத்தோட்டம். பெண் பெயர் சந்திரவல்லி. அவள் அப்பா சுருளி அந்தத் தோட்டத்துக் கங்காணி. தாயில்லாத பெண் என்பதால் அடுத்த வீட்டு ராக்குதான் முன்னே நின்று எல்லாம் செய்தாள். சந்திரவல்லி காப்பி கொண்டுவந்து கொடுத்த நேரம் மூச்சு நாலு விடுகிற நேரம்கூட இருக்காது. அதற்குள் ராஜாராமுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அப்படிப் பிடித்துவிட்டது என்றால், கையிலிருந்த காப்பியைக் குடிக்க வேண்டும் என்பதே மறந்துபோகிற அளவுக்கு.

அவன் ஜன்னல் வழியே ஏலச்செடிகளுக்கு மேல் மஞ்சு என்கிற மூடுபனி ஊர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உள்ளேயிருந்து ராக்கு வந்தாள்.

"பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு. மாப்பிள்ளைக்கு மோட்டார் பைக்கு ஓட்டத் தெரியுமா?"

மஞ்சுக்குள் இருந்த ராஜாராம் பொய் சொல்ல மறந்துபோனான்.

"தெரியாது. சைக்கிளே கொஞ்சம் ஆட்டந்தான்."

பாண்டியம்மாள் அவன் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ராக்கு திரும்பி வந்து, "பொண்ணுக்குப் பூரண சம்மதம்" என்றாள். தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

வேறு ஒருவனாக இருந்தால் கேசரியைத் தின்றுவிட்டு நிம்மதியாக இறங்கி வந்திருப்பான். ராஜாராம் அப்படி இல்லை. ஜீப்பில் பதினேழு வளைவும் இறங்கி முடிவதற்குள் அவன் ஒரு முழுக் கதையை மனசுக்குள் கட்டிவிட்டான். பாவம், அந்தப் பெண்ணுக்குப் புருசன் பின்னால் பைக்கில் உட்கார்ந்து மலையேற வேண்டும் என்று ஓர் ஆசை. அப்பன் கஷ்டத்தை நினைத்து அந்த ஆசையை விழுங்கிவிட்டு, சைக்கிளில் ஆடுகிறவனுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறாள். விழுங்கினதை அவளுக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நான் என்ன புருசன்?

மறுநாளே பழைய இரும்புக் கடையில் இந்த வண்டியைப் பார்த்தான். எந்தக் காலத்திலோ ஒரு தோட்டத்துத் துரை விட்டுப்போனதாம். சீமை ரேஸ் வண்டி. முயல்குட்டி படுத்திருக்கிற மாதிரி நீளமான டாங்கு, தாழ்ந்த ஹேண்டில், குனிந்து ஓட்டுகிற ஜாதி. துருவுக்கு நடுவே அங்கங்கே வண்டி தெரிந்தது. கல்யாணத்துக்கு வாங்குவதாக இருந்த கைக்கடிகாரத்தை மறந்துவிட்டு, ராஜாராம் அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை மெக்கானிக் வெள்ளைத்துரையைக் கூட்டிவந்தான். பம்புசெட்டிலிருந்து லாரி வரை எதையும் தட்டிப் பார்த்துவிடுகிற ஆள். அவன் கொல்லைக்குள் நுழைந்து, மூன்று தட்டையும் பார்த்து, தலையில் கையை வைத்தான்.

"என்ன மாப்ளே, தரம் பிரிச்சு வச்சிருக்கே? ஏலத்துக்கு விடப்போறியா?"

"ஒழுங்கா இருக்கட்டுமேன்னுதான்."

"ஒழுங்கா? இனிமே ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒவ்வொண்ணா வச்சுப் பாக்கணும். பொண்ணு பாக்குற கதைதான். சரி, மொதல்ல சுத்தம் பண்ணி வையி."

எதில் சுத்தம் பண்ணுவது என்று அவன் சொல்லவில்லை. ராஜாராமும் கேட்கவில்லை. பச்சை மாறாமல் இருக்க ஏலக்காயைச் சோடாத் தண்ணீரில் முக்கி எடுப்பது மலை வழக்கம். காய்க்கு நல்லது வண்டிக்குக் கெட்டதா என்ன? அண்டாவில் சலவைச் சோடாவைக் கரைத்து, இன்ஜின் மூடிகளை ராத்திரி முழுக்க ஊறப்போட்டான். காலையில் எடுத்தால், வெள்ளையாக இருந்த அலுமினியம் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்து, அம்மைத் தழும்போடு வந்தது.

"அடப்பாவி! மண்ணெண்ணெய்ல கழுவணும் மாப்ளே!" என்று அலறினான் வெள்ளைத்துரை.

ராஜாராம் உடனே ரேஷனில் வாங்கி வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் ஊற்றிக் கழுவினான். பாண்டியம்மாளின் ஸ்டவ் அன்றைக்கே நின்றது. நட்டுகளைக் கழுவி, வடியட்டும் என்று சல்லடையிலேயே போட்டு வைத்தான். வடிந்ததும் சல்லடையை நல்ல பிள்ளையாகக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தான்.

வியாழக்கிழமை வெளியூர் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். ஒரு கை ஏலக்காயை அள்ளி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"ஏன்யா, இது ஏலக்காயா, விளக்குத் திரியா?"

முதலாளி முகர்ந்தார். கணக்கர் முகர்ந்தார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ராஜாராமின் கையை முகர்ந்தார்கள். அத்தோடு ஒன்பது வருஷத்துச் சல்லடை கையைவிட்டுப் போயிற்று. தைக்கு முன்னால் சல்லடைப் பக்கம் வரக்கூடாது, மூட்டை தைக்கிற வேலையைப் பார் என்று முதலாளி கோணி ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார்.

ராஜாராம் இதற்கெல்லாம் பெரிதாகக் கலங்கவில்லை. கலங்கவேண்டிய நேரத்தில் அவன் வேறு ஊரில் இருந்தான். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்து, செங்கல்மேல் நிறுத்தியிருந்த வண்டியின் வெறும் சட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான். சக்கரம் கிடையாது, இன்ஜின் கிடையாது. கண்ணை மூடினால் போதும், மலையடிவாரத்து முந்தல் தாண்டி ரோடு மேலே எழும்பும். இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழே கைக்குட்டை விரித்த மாதிரி வயல்கள். ஏழாம் வளைவில் காற்று குளிர ஆரம்பிக்கும். பத்தாம் வளைவில் மஞ்சு வந்து முகத்தைத் தடவும். தோளில் ஒரு கை. திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை, யார் கை என்று தெரியும். அந்தக் கையின் கனத்துக்காகவே அவன் மெதுவாக ஓட்டுவான்.

"எந்த வளைவுல இருக்கே?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"பதிமூணு."

"இறங்கி வந்து காப்பியக் குடிச்சிட்டுப் போ. ஆறிப்போகுது."

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் ராக்கு சந்தைக்கு வந்தவள், சம்பந்தி வீட்டை எட்டிப் பார்த்தாள். கொல்லையில் பரப்பிக் கிடந்த இரும்பையும் அதற்கு நடுவே கிரீஸ் பூசிய முகத்தோடு நின்ற மாப்பிள்ளையையும் பார்த்ததும் அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று.

"இதென்ன மாப்பிள்ளை?"

"பைக்கு. சந்திரவல்லிக்குத் தெரியவேணாம்" என்று வெட்கப்பட்டான் ராஜாராம்.

"ஓட்டப் பழகிட்டீகளா?" ராக்குவின் குரலில் ஒரு பதற்றம் இருந்தது.

"இன்னும் இல்ல. பூட்டவே இல்லையே."

"கொள்ளாம்!" என்றாள் ராக்கு. நல்லது என்பதற்கு மலையில் எல்லோரும் சொல்கிற மலையாளம் அது. "கொள்ளாம், கொள்ளாம். அவசரமே இல்ல மாப்பிள்ளை, மெதுவாப் பூட்டுங்க." பாண்டியம்மாளைப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"நையாண்டி பண்ணிட்டுப் போறாத்தா" என்றான் ராஜாராம். அவமானமாக இருந்தது. அன்றைக்கே வெள்ளைத்துரையிடம் போய், இனிமேல் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளைத்துரை இரண்டு வாரம் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒவ்வொரு போல்ட்டாக வைத்துப் பார்த்தான். பொருந்தாத இடத்தில் பம்புசெட் சாமான் ஏறியது. ஹாரனுக்கு லாரி ஹாரன். டாங்குக்கு ராஜாராமே பெயின்ட் அடித்தான், முதல் தரக் காயின் பச்சையில். எல்லாம் முடிந்தபோது தட்டில் ஒன்பது நட்டும், வண்டியை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டும் மிச்சம் இருந்தன.

"இதுக?"

"வண்டி பாரம் கொறையும், விடு" என்றான் வெள்ளைத்துரை.

பதினோராவது உதையில் இன்ஜின் பிடித்தது. முருங்கை மரத்துக் காகங்கள் ராசிங்காபுரம் திசையில் பறந்தன. பாண்டியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து சூடம் கொளுத்தினாள். ராஜாராமுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையிலேயே அழுதான்.

ஓட்டிப் பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. கைப்பிடியை முறுக்கினால் வண்டி அடங்கியது. விட்டால் சீறியது. வெள்ளைத்துரை வயரை மாற்றிப் பூட்டியிருந்தான். பயந்து கையை எடுக்கிற ஒவ்வொரு முறையும் வண்டி ராஜாராமைத் தூக்கிக்கொண்டு பறந்தது. முதல் நாள் பருத்திக் காட்டில் இறங்கினான். மறுநாள் வைக்கோல் படப்பில். வெள்ளைத்துரை வயரைச் சரியாக மாற்றிக் கொடுத்தான். அதற்குள் ராஜாராமின் கை தப்பான பக்கத்துக்குப் பழகிவிட்டது. அதனால் மூன்றாம் நாள் வாய்க்காலில்.

"மாப்ளே, தப்பா நெனைக்காதே" என்றான் வெள்ளைத்துரை, அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டு. "சில பேருக்குப் பாட்டு வராது. ஒனக்கு வண்டி வராது."

அந்த வாரமே மலையிலிருந்து சேதி வந்தது. ராக்கு எவ்வளவு நாள்தான் வாயை அடக்குவாள்! சந்திரவல்லிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரவேண்டுமாம். வண்டியோடு வரவேண்டுமாம்.

ராஜாராமுக்குச் சோறு இறங்கவில்லை. ஆசையை விழுங்கியிருந்த பெண்ணுக்கு இப்போது மறுபடியும் ஆசை காட்டியாயிற்று. வண்டி இருக்கிறது, ஓட்ட ஆளில்லை என்று போய் நின்றால் அவள் என்ன நினைப்பாள்? தையில் கல்யாணம் இருக்குமா?

"இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டிருக்கே?" என்றாள் பாண்டியம்மாள். "கேட்டா தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிரு அப்பு. தாலி கட்டுன பெறகு முட்டி வலி, டாக்டரு ஓட்ட வேணாம்னாருன்னு சொல்லிக்கலாம்."

அதற்கேற்ற மாதிரி ஒரு திட்டமும் அவனுக்குத் தோன்றியது. போடிமெட்டு வரைதான் ஏற்றம். அதற்கப்புறம் தோட்டம் வரை இறக்கம். இறக்கத்தில் வண்டியை ஓட்டவே வேண்டாம். ஏறி உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் போதும், அதுவே போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொக்கச்சாமியின் ஜீப்பில் வண்டியைத் தூக்கி ஏற்றினார்கள். ஜீப்பில் தோட்டத்துக்குத் திரும்புகிற பெண்கள் ஒரு லோடு இருந்தார்கள். வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலில் இரண்டு தூக்குச்சட்டியையும், விளக்கில் ஒரு காய்கறிப் பையையும் மாட்டினார்கள். கனவில் ஆயிரம் தடவை ஏறிய பதினேழு வளைவையும் ராஜாராம் ஒரு சுரைக்காய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஏறினான்.

மெட்டில் இறக்கிவிட்டுவிட்டு, "பாத்து மாப்ளே" என்று சொல்லி மொக்கச்சாமி போய்விட்டான். சுற்றிலும் மஞ்சு. பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. ராஜாராம் வண்டியில் ஏறி, காலை எடுத்தான்.

வண்டி உருண்டது.

சத்தமே இல்லை. டயர் ஈர ரோட்டில் ஒட்டிப் பிரிகிற சின்னச் சரசரப்பு மட்டும். மஞ்சு முன்னால் விலகி வழிவிட்டு, பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. ஏலச்செடியின் ஈர வாசனை. எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு குருவி. கை நடுங்கவில்லை, வண்டி ஆடவில்லை. ஒவ்வொரு வளைவும் அவன் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது போலத் திரும்பியது. முப்பது வயதில் இதைவிடச் சந்தோஷமாக அவன் எப்போதும் இருந்ததில்லை. தோளில் அந்தக் கை இல்லையே என்ற ஒரு குறைதான். ரோடு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

மஞ்சு கலைந்த இடத்தில் சந்திரவல்லி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ராக்கு. வீட்டு வாசலுக்கு முன்னால் ரோடு சமதளமாயிற்று. பிரேக்கை அழுத்தினான். வண்டி அவளுக்கு முன்னால் இரண்டடி தள்ளி, பழகிய குதிரை மாதிரி நின்றது. ஸ்டாண்டு இல்லாததால் அவன் இறங்கவில்லை. பார்ப்பதற்கு அதுவும் கம்பீரமாகத்தான் இருந்திருக்கும்.

சந்திரவல்லி வண்டியைச் சுற்றி வந்தாள். டாங்கைத் தொட்டாள். கறுத்துப்போன இன்ஜின் மூடியைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து அவனைப் பார்த்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஓட்டப் பழகிட்டீகளா?" என்று கேட்டாள்.

அம்மா சொல்லிக் கொடுத்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வார்த்தைதான். சொல்லிவிட்டால் தை மாதம் பத்திரம். ஆனால் இவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனால் முடியவில்லை. இவளிடம் பொய்யோடு வாழ்வதைவிட இவள் இல்லாமலே போகட்டும் என்று தோன்றியது.

"இல்ல" என்றான். "எறக்கத்துல அதுவா உருண்டு வந்துச்சு. மூணு நாளு முயற்சி பண்ணினேன், மூணு நாளும் விழுந்தேன். எனக்கு வண்டி வராதாம், மெக்கானிக்கே சொல்லிட்டான். இனிமேலும் வரும்னு தோணல. ஒன் ஆசைய நிறைவேத்த முடியல, என்னைய மன்னிச்சுரு."

சந்திரவல்லி அவனையே ஒரு கணம் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டென்று திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா, அப்பனிடம் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லப்போகிறாளா? ராஜாராமுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டியைக் கீழே போடவும் முடியாமல், விட்டு இறங்கவும் முடியாமல், பச்சை டாங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் போச்சாக்கா?" என்று ராக்குவைக் கேட்டான்.

ராக்கு நெஞ்சில் கையை வைத்து நீளமாக மூச்சு விட்டாள்.

"போச்சா? ஓட்டத் தெரியும்னு சொன்ன மூணு மாப்பிள்ளைகள வாசலோட திருப்பி அனுப்புன புள்ள அது, நாலு வருசமா அப்பன ஏத்திக்கிட்டுத் தோட்டத்து மோட்டார் பைக்க ஓட்டுறதே அவதான். சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு இந்தா வந்துருவா, நீங்க வெரசாப் பின்னாடி நகந்து உக்காருங்க!"